பெட்டியடியும் சிறிய பள்ளிக்கூடமும்

தேர்வில் தவறிய பிள்ளையை என்ன செய்வது என்னும் கேள்வி, ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் எழுகிறது. கேள்வி எழுந்த வேகத்திலேயே, “கடைக்கு வரட்டும்” என்னும் பதிலும் வந்துவிடுகிறது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இங்கு எழுதப் புகுகிறோம். நாம் கல்விமான் அல்லோம். ஊரில் மத்ரஸாவிலும் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்திலும் படித்துவிட்டுச் சபர் வந்தவர். தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் பெட்டியடியில் உட்கார்ந்திருக்கிறோம். ஆயினும் பிரஸ்தாப விஷயத்தில் நாமே ஒரு பிழை செய்யவிருந்து தப்பியவராதலின், எழுத நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டென்று கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தமக்கையின் மகன் தொடக்கப்பள்ளியின் ஆறாம் வகுப்பு முடித்தான். தேர்வு முடிவு வந்த அன்று பையன் வீட்டுக்கு வரவில்லை. இரவு எட்டு மணிக்கு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை நாம்தான் கண்டுபிடித்தோம். புத்தகப் பையைத் திறக்க மாட்டேன் என்றான். மறுநாள் மச்சானிடம் நாம் சொன்ன யோசனை இதுதான்: “மச்சான், பயலைப் படுத்தாதீங்க. கடையில் கொண்டாந்து விடுங்க. மூணு வருஷத்தில் வியாபாரம் பழகிடுவான். நான் அஞ்சாப்புதான் படிச்சேன், எனக்கென்ன குறை?” மச்சானும் தலையை ஆட்டினார். தமக்கை மட்டும் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

இந்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்பில் உள்ளது. ஆனால் அச்சட்டம் தொடக்கப்பள்ளிக் கல்விக்கு மட்டுமே. ஆறாம் வகுப்புக்கு அப்பால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று சட்டம் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆகவே பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை நின்றுவிடுவதும் தொடர்வதும் பெரிதும் வீட்டாரின் கையில் இருக்கிறது. நம் போன்றோர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் அங்கே எவ்வளவு கனமானது என்பதை அப்போது நாம் அறியவில்லை.

மதிப்பெண் கணக்கை முதலில் தெரிந்துகொள்வோம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறோம். பி.எஸ்.எல்.இ. என்னும் அத்தேர்வில் 2021 முதல் நான்கு பாடங்களுக்கும் தனித்தனியே 1 முதல் 8 வரை தரம் கொடுக்கிறார்கள். நான்கையும் கூட்டினால் மிகச் சிறந்த பிள்ளைக்கு 4, மிகவும் தவறிய பிள்ளைக்கு 32. கடன் பாக்கியைப் போல இது குறையக் குறைய நல்லது. 26 முதல் 30 வரை எடுத்து, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தரம் 7க்குக் கீழே இறங்காத பிள்ளை, உயர்நிலைப்பள்ளிக்கு முதலாம் தொகுதியில் போகிறது. 25 எடுத்தால் முதலாம் தொகுதியோ இரண்டாம் தொகுதியோ, பெற்றோர் தெரிந்துகொள்ளலாம். எக்ஸ்பிரஸ், நார்மல் என்னும் பழைய பிரிவுப் பெயர்கள் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து எடுபட்டன. இப்போது ஒரே வகுப்பில் பல தொகுதிப் பிள்ளைகளும் அமர்கிறார்கள். பாடத்தை மட்டும் அவரவர் சக்திக்கேற்ற மட்டத்தில் படிக்கிறார்கள். பழைய பெயரைச் சொல்லிப் பிள்ளையை இழித்துப் பேசும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

இனி, இந்த மட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே சர்க்கார் அமைத்துள்ள பள்ளிகள் நான்கு. நார்த்லைட் பள்ளி 2007 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன் கேலாங் சிராயில் இருந்த தொழிற்பயிற்சி நிலையத்தின் இடத்துக்கு வந்தது அது. அஸம்ப்ஷன் பாத்வே பள்ளி 2009இல் வந்தது. இவ்விரண்டும் பி.எஸ்.எல்.இ. தேர்விலேயே தேறாத பிள்ளைகளுக்கு. கிரெஸ்ட் உயர்நிலைப்பள்ளி 2013இல் ஜூரோங் ஈஸ்ட்டிலும், ஸ்பெக்ட்ரா உயர்நிலைப்பள்ளி 2014இல் உட்லண்ட்ஸிலும் திறக்கப்பட்டன. இவ்விரண்டும் தேறியும் கடைசிப் படியில் நிற்கும் பிள்ளைகளுக்கு. அதாவது இப்போது முதலாம் தொகுதி எனப்படுவோருக்கு. நான்கிலும் பொதுவான அம்சம், பள்ளிக்கூடம் ஒரு தொழிலைச் சுற்றிக் கட்டப்பட்டிருப்பதேயாகும்.

தொழிலைச் சுற்றிக் கட்டுவதென்றால் என்ன? கிரெஸ்ட், ஸ்பெக்ட்ரா பள்ளிகளில் நான்கு கைத்தொழில் துறைகள் உண்டு. கட்டடப் பராமரிப்பு ஒன்று, இயந்திரப் பழுதுபார்ப்பு ஒன்று, ஹோட்டல் விருந்தோம்பல் ஒன்று. நான்காவது எது தெரியுமா? சில்லறை வியாபாரம்! நாம் மூன்று தலைமுறையாக அடிபட்டும் உதைபட்டும் கற்றதை அங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள். முதலிரண்டு ஆண்டுகளில் பிள்ளை எல்லாத் துறைகளையும் தொட்டுப் பார்க்கிறது. பிறகு ஒன்றைத் தெரிந்துகொண்டு மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அதையே பழகி, முடிவில் ஐ.டி.இ. எனப்படும் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தின் திறன் சான்றிதழைப் பெறுகிறது. ஆங்கிலம், கணிதம், தாய்மொழி இவற்றையும் விடுவதில்லை. பள்ளிக்குள்ளேயே கடையைப் போலவும் ஹோட்டல் அறையைப் போலவும் இடங்களை அமைத்து அங்கே கைப்பழக்கம் தருகிறார்கள். நார்த்லைட்டிலும் பாத்வேயிலும் இவ்வாறே நான்காண்டுப் படிப்பு. கடைசி ஆண்டில் வெளியே உண்மையான வேலைத்தலத்துக்குப் பழகுநராகப் போகிறார்கள்.

இதனால் நேரும் மாற்றம் நம் கண்ணெதிரில் நடந்தது. நம் மருமகன் முடிவில் இத்தகைய ஒரு பள்ளியில் சேர்ந்தான். எதில் என்பது இங்கு வேண்டாம். தமக்கைதான் பிடிவாதமாகச் சேர்த்தார். நமக்கு அதில் பங்கில்லை. இருந்த பங்கு தடுத்தது மட்டுமே. மூன்றாம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் கடைக்கு வந்தவன் மசாலா அலமாரியின் முன் நின்று, “மாமா, பழைய சரக்கு பின்னாடி போயிடுச்சு. புதுசை முன்னாடி வச்சா பழசு கெட்டுப்போகுமே” என்றான். பொட்டலங்களை எல்லாம் இறக்கி, காலாவதித் தேதி பார்த்து, பழையதை முன்னும் புதியதை பின்னுமாக அடுக்கினான். காலாவதியான பதினோரு பொட்டலங்கள் அகப்பட்டன. இது நமக்குத் தெரியாத வித்தையா? தெரியும். ஆனால் சரக்கு வந்திறங்கும் அவசரத்தில் யார் பார்க்கிறோம்? பின்னத்தைக் கண்டால் ஓடிய பையன், சரக்கிருப்புக் கணக்கில் சதவீதம் போட்டதையும் அன்று பார்த்தோம். கணக்கு அவனுக்கு விரோதியாயிருந்தது கரும்பலகையில்தான் போலும்.

தொழில் ஒரு பக்கம் இருக்கட்டும். இப்பள்ளிகளின் உண்மையான பலம் அவற்றின் சிறிய உருவத்தில் இருக்கிறது. ஸ்பெக்ட்ரா போன்ற பள்ளியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 200 பிள்ளைகள், மொத்தம் 800க்குள். நார்த்லைட்டில் ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய 20 பிள்ளைகள். சாதாரண உயர்நிலைப்பள்ளி வகுப்பில் 40 பேர் வரை அமரக்கூடும். நம் கடையையே எடுத்துக்கொள்வோம். தினமும் காலையில் வெற்றிலை வாங்க வரும் பெரியவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் நாமே விசாரிக்கிறோம். உடம்பு சுகமில்லையா, ஊருக்குப் போனாரா என்று கேட்டறிகிறோம். பேரங்காடியில் அவர் ஓராண்டு வராவிட்டாலும் ஒருவருக்கும் தெரியாது. பேரங்காடிக்காரர் கெட்டவர் என்பதல்ல, தலைகள் அதிகம். பிள்ளைகளின் விஷயமும் அப்படியே. தவறிய பிள்ளை முதலில் செய்வது ஒளிந்துகொள்வது. பெரிய கூட்டத்தில் ஒளிவது சுலபம். இருபது பேர் உள்ள வகுப்பில் எங்கே ஒளிவது? ஒரு நாள் வரவில்லையென்றால் அன்றே வீட்டுக்குத் தொலைபேசி வருகிறது. தூங்குகிறானா, தகப்பனுக்குச் சுகமில்லையா, கையில் காசில்லையா, யாரேனும் அடித்தார்களா என்று உபாத்தியாயருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் செய்யவேண்டியதைச் செய்ய, பள்ளியில் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். இந்நாட்டுப் பள்ளி ஒவ்வொன்றிலும் அவ்வாறு ஒருவர் உண்டு என்பதையும் பலர் அறியார்.

பணம் ஒரு தடையன்று. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிரஜைப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் உதவித் திட்டத்தில் பள்ளிக் கட்டணம் தள்ளுபடியாகிறது. பாடநூலும் சீருடையும் இலவசம். சாப்பாட்டுக்கும் உதவி கிடைக்கிறது. பள்ளி அலுவலகத்தில் ஒரு பாரம் பூர்த்தி செய்யவேண்டும், அவ்வளவே. கடைவாசலில் நின்று கைம்மாற்றுக் கேட்பது போன்ற அவமானம் இதில் ஒன்றுமில்லை.

வேறொரு வகைச் சிறிய பள்ளிகளும் உண்டு. 2004இல் விளையாட்டுப் பள்ளியும், 2005இல் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கணித அறிவியல் உயர்நிலைப்பள்ளியும், 2008இல் கலைப்பள்ளியும், 2010இல் அறிவியல் தொழில்நுட்பப் பள்ளியும் வந்தன. அவை ஒரு துறையில் முன்னரே திறமை காட்டிய பிள்ளைகளுக்கு. கலைப்பள்ளி நம் தேக்காவிலிருந்து செலேகி ரோடு வழியே நடக்கும் தூரம்தான். தேசிய கீதத்துக்கு இசையமைத்த ஜுபிர் சையித் அவர்களின் பெயர் தாங்கிய தெருவில் இருக்கிறது. திறமையுள்ள பிள்ளைக்குப் பள்ளியைச் சிறியதாக்கி ஒரு துறையில் குவிப்பது நல்லதென்றால், இடறிய பிள்ளைக்கும் அதுவே நல்லது என்பதில் ஆச்சரியமென்ன? முன்னதில் இடம் கிடைத்தால் ஊரெல்லாம் விருந்து வைக்கிறோம். பின்னதில் சேர்ந்தால் வாயைத் திறப்பதில்லை.

இந்த யோசனை இந்நாட்டில் மட்டும் தோன்றியதன்று. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 2002 முதல் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய உயர்நிலைப்பள்ளிகளைத் திறந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் நிறைந்திருந்த பெரிய பள்ளிகள் பலவற்றை மூடிவிட்டு, வகுப்பு மட்டம் ஒன்றுக்குச் சுமார் 100 பிள்ளைகளோடு, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு துறையை மையமாக வைத்து நடத்தினார்கள். பல பள்ளிகளுக்கு வேண்டியவர் அதிகமிருந்ததால் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பிறகு ஆராய்ச்சியாளர், சீட்டு விழுந்த பிள்ளைகளையும் விழாத பிள்ளைகளையும் பல ஆண்டு பின்தொடர்ந்து ஒப்பிட்டனர். இரு சாராரும் குணத்திலும் குடும்பத்திலும் ஒரே மாதிரியானவர்கள்; சீட்டு ஒன்றே வித்தியாசம். சீட்டு விழுந்து சிறிய பள்ளியில் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்துப் பட்டயம் பெற்றவர் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேர் அதிகம். நூற்றுக்கு ஒன்பது என்ன பெரிதென்று கேட்கலாம். நம் வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்பது லாபம் கூடினால் வாய் மூடியிருப்போமா?

ஆயினும் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்நாட்டில் சிறிய பள்ளிகளுக்குப் பெரும் பொருள் கொடுத்த பில் கேட்ஸ் அவர்கள், தாம் உதவிய பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளின் படிப்பு எதிர்பார்த்தபடி உயரவில்லை என்று 2009இல் வெளிப்படையாக எழுதினார். சுவரைக் குறுக்கினால் மட்டும் பள்ளிக்கூடம் நல்லதாகிவிடாது. உபாத்தியாயர் மாறவேண்டும், பாடம் மாறவேண்டும். கடையைச் சிறியதாக்கிவிட்டு வாடிக்கைக்காரரின் முகத்தைப் பாராத முதலாளிக்கு என்ன ஆதாயம்?

நம்மவரே நடத்திய ஒரு சிறிய பள்ளியின் சரித்திரமும் இங்கே பொருந்தும். ஜப்பானியர் காலம் முடிந்த மறு ஆண்டு, 1946இல், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிற்று. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் பெயரை அதற்கு இட்டார்கள். உழைத்துப் பிழைத்த சாதாரண ஜனங்கள் தம் பிள்ளைகளுக்காக நிறுவிய பள்ளி அது. 1960இல் உயர்நிலை வகுப்புகளும் வந்து, இந்நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளியாக விளங்கிற்று. அங்கே படித்த பெரியவர்கள் சிலர் இன்றும் நம் கடைக்கு வருகிறார்கள். உபாத்தியாயர்கள் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிவார்கள், தகப்பனார் எந்தக் கிட்டங்கியில் வேலை செய்கிறார் என்பதையும் அறிவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. பிள்ளைகள் குறைந்துபோனார்கள் என்பதே காரணம். ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்ற காலம் வந்தபோது, பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்பினர். அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை; அந்தக் காலத்தில் நாமிருந்தாலும் அதையே செய்திருப்போம். ஆனால் ஒன்று தெரிகிறது. பெரிய பள்ளி எப்படியும் நடக்கும். சிறிய பள்ளி, யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவர்கள் வந்தால்தான் உயிரோடிருக்கும். புலவரின் பெயர் இன்று பீட்டி ரோட்டில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. அதற்குப் பக்கத்திலேதான் சிண்டா அலுவலகமும். நம் அங்குலியா பள்ளிவாசலிலிருந்து சிராங்கூன் ரோட்டோடு வடக்கே நடந்தால் முதலில் பீட்டி ரோடு வரும். இன்னும் நடந்தால் தவுனர் ரோடு. நார்த்லைட் பள்ளி இப்போது அந்தத் தவுனர் ரோட்டில்தான் இருக்கிறது. நம் கடைவாசலிலிருந்து அரைமணிக்குச் சற்று மேற்பட்ட நடை. இத்தனை ஆண்டு அந்த வழியே சரக்கு வண்டியில் போய்வந்தும் அது என்ன பள்ளியென்று நாம் கேட்டதில்லை.

கேளாததற்குக் காரணம் வெட்கம். மருமகன் சேர்ந்த முதலாண்டில், எங்கே படிக்கிறான் என்று யாராவது கேட்டால், பேருந்து எண்ணைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவோம். ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரரிடம் நாம் அப்படி மழுப்பியதைப் பையன் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் பள்ளிச் சட்டையின் மேல் வேறொரு சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். பள்ளிக்கூடம் நாலு மாதம் பாடுபட்டு நிமிர்த்திய முதுகை ஒரு நிமிஷத்தில் நாம் வளைத்துவிட்டோம். இதை எழுதவே கை கூசுகிறது. பெயர் வைத்துப் பிரித்த பள்ளி பிள்ளைக்கு முத்திரை குத்திவிடும் என்று சிலர் ஆட்சேபிப்பது முற்றிலும் பொய்யென்று சொல்லோம். ஆனால் நாம் கண்ட மட்டில் முத்திரை குத்தியது பள்ளியன்று. பெட்டியடியில் உட்கார்ந்திருந்த மாமன்.

பையன் இப்போது ஐ.டி.இ.யில் படிக்கிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டோம். ஆங்கிலத்தில் நீண்ட கடிதம் வந்தால் இன்னமும் திணறுகிறான். சென்ற பருவத்தில் ஒரு பாடத்தை மறுமுறை எழுதவேண்டி வந்தது. அங்கிருந்து சிலர் பாலிடெக்னிக் வரை போகிறார்கள். இவன் போவானோ, சான்றிதழோடு வேலைக்குப் போவானோ, அல்லது நம் கடைக்கே வருவானோ தெரியாது. வந்தால் வரட்டும், ஆனால் பதின்மூன்று வயதில் வேறு கதியின்றி வந்து உட்காருவது ஒன்று, இருபது வயதில் வேலை தெரிந்து, வேண்டாமென்றால் போகவும் முடிந்து, வருவது வேறொன்று.

கடைசியாகக் காரியத்துக்கு வருவோம். தேர்வு முடிவு நவம்பர் கடைசியில் வெளியாகும். பள்ளியைத் தெரிந்துகொள்ளக் கிடைப்பது அதன்பின் சில நாட்கள்தான். நமக்கோ ஆண்டிறுதி வியாபாரத்தின் நெருக்கடி அதே வாரத்தில் வருகிறது. ஆகவே முடிவு வரும்வரை காத்திராமல், ஆறாம் வகுப்பு நடக்கும்போதே பிள்ளையின் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். நார்த்லைட், பாத்வே பள்ளிகளில் சேர்ப்பதானாலும் தொடக்கப்பள்ளியைக் கலந்துகொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். கிரெஸ்ட்டும் ஸ்பெக்ட்ராவும் தூரமாயிற்றே என்று தேக்காவாசிகள் தயங்குவார்கள். உட்லண்ட்ஸுக்கு ரயிலில் ஒரு மணிக்குள் போய்விடலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஆங்கிலம் வராதென்று பின்வாங்க வேண்டாம். நாம் போனபோது நமக்கும் வரவில்லை, பையனே மொழிபெயர்த்தான். முடிவு வரும் அன்று மட்டும் கடையைச் சிப்பந்தியிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளை பள்ளிவாசலைத் தாண்டி வெளியே வருமுன் அங்கே போய் நில்லுங்கள்.